மாத்திரையின் உருவமும் மருந்துதான்

திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடியிலிருந்து ஒரு மூதாட்டியை அவருடைய மருமகள் எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். பக்கவாதத்திற்குச் சிகிச்சை முடித்து, மூக்கு வழியாகச் செருகிய உணவுக்குழாயுடன் பத்து நாள்களுக்கு முன்புதான் அவரை வீட்டிற்கு அனுப்பியிருந்தோம். இப்போது கண் திறக்கவே சோர்ந்து கிடந்தார். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 44. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80-ஐத் தாண்டவில்லை. மூளையில் மீண்டும் அடைப்பு ஏற்பட்டதோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். புதிதாக எதுவும் இல்லை.

பிறகுதான் அந்த மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தோம். ஏழு அட்டை மாத்திரைகள், எங்கள் மருந்துச் சீட்டு, மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று. துணி எதற்கு என்று கேட்டோம். "குழாயில மாத்திரை இறங்காதுல்ல டாக்டர். ஏழையும் இஞ்சி இடிக்கிற கல்லுல நுணுக்கி, தண்ணியில கரைச்சு, வடிகட்டிக் குடுத்தேன். அத்தைக்கு ஒரு சொட்டுகூட வீணாகலை" என்றார் அவர். அவர் செய்ததில் அன்புக்கோ கவனத்துக்கோ குறைவில்லை. சீட்டில் மருந்தின் பெயர் இருந்தது, அளவு இருந்தது, வேளை இருந்தது, "குழாய் வழியாகக் கொடுக்கவும்" என்ற சொற்களும் இருந்தன. எந்த மாத்திரையை இடிக்கக் கூடாது என்பது மட்டும் இல்லை. அதை எழுதாதவர்கள் நாங்கள்.

அந்த ஏழில் ஒன்று, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மெட்டோபுரோலால். ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கசியும்படி செய்யப்பட்ட மாத்திரை அது. இடித்துக் கரைத்ததும் ஒரு நாளைக்குரிய மருந்து முழுவதும் ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிட்டது. மதகை அளவாகத் திறந்து பாய்ச்ச வேண்டிய நீரைக் கரையை வெட்டி விட்டால் வயல் என்ன ஆகும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. மூன்று நாள் கண்காணிப்பில் அம்மூதாட்டி தேறினார். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தோம்.

ஒரு மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

மாத்திரையில் மருந்து என்பது பல நேரங்களில் மிகச் சிறிய பங்குதான். அட்டையில் 5 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அந்த மாத்திரையைத் தராசில் வைத்தால் 100 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கலாம். எஞ்சியது ஸ்டார்ச், பால் சர்க்கரை, ஒட்டுப்பசை, மேற்பூச்சு போன்றவை. இவற்றை வெறும் நிரப்புப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. மாத்திரை எங்கே உடைய வேண்டும், எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும், இரைப்பையின் அமிலத்தை எப்படித் தாண்ட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவை இவையே.

நெஞ்செரிச்சலுக்குத் தரப்படும் பான்டோபிரசோலை எடுத்துக்கொள்ளுங்கள். அது அமிலம் பட்டால் அழிந்துவிடும் மருந்து. ஆகவே அமிலத்தில் கரையாமல், அதைக் கடந்து குடலுக்குச் சென்ற பின்பே கரையும் பூச்சு ஒன்றை அதன்மேல் ஏற்றுகிறார்கள். அதை இடித்தால் பூச்சு போய்விடும். மருந்து இரைப்பையிலேயே கெட்டுவிடும். இடித்த மெட்டோபுரோலால் அளவுக்கு மீறி வேலை செய்தது. இடித்த பான்டோபிரசோலோ வேலையே செய்யாமல் போகும். கல்லுரல் ஒன்றுதான், விளைவுகள் இரு வேறு. பூச்சுள்ள ஆஸ்பிரினை இடித்தால் இரைப்பையின் சுவரைக் காக்கப் போட்ட திரை விலகிவிடுகிறது.

மெதுவாகக் கரையும் மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர், சிஆர் போன்ற ஈரெழுத்துகள் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினிலும் இவ்வகை உண்டு. வெறும் மெட்ஃபார்மினும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று எண்ணி மாற்றி வாங்கிவிடுகிறார்கள். நடுவில் கோடு போட்ட மாத்திரையை அந்தக் கோட்டில் பாதியாக்கலாம் என்பது பொதுவாகச் சரிதான். மெதுவாகக் கரைபவற்றிலும் சில வகைகளை இவ்வாறு பாதியாக்கலாம். ஆனால் அந்தப் பாதியையும் மெல்லவோ பொடிக்கவோ கூடாது. எது எந்த வகை என்பதை மருந்தாளுநரிடம் கேட்பதே வழி. நாங்களும் ஐயம் வந்தால் அவரைத்தான் கேட்கிறோம்.

விழுங்க இயலாதவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. பல மருந்துகள் நீர்ம வடிவிலும், நீரில் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கின்றன. ஒரு வேளை கொடுக்கும் மெதுமாத்திரைக்குப் பதிலாக, இரண்டு அல்லது மூன்று வேளை கொடுக்கும் சாதாரண மாத்திரையாக மாற்றி எழுதலாம். அதற்கு அளவை மறுபடி கணக்கிட வேண்டும் என்பதால் அந்த மாற்றத்தை நாங்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால் போதும். குழாய் வழியாகக் கொடுப்பவர்கள் மருந்துகளை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே கரைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சிறிது நீர் செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும்.

நாக்கின் அடியும் ஈரலின் சாவடியும்

1954-க்கு முன் காரைக்கால் எல்லையில் சுங்கச் சாவடியில் பொருள்கள் சோதிக்கப்பட்ட கதையை வீட்டு மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விழுங்கிய மருந்துக்கும் அப்படியொரு சாவடி உண்டு, அதுதான் ஈரல். குடலிலிருந்து உறிஞ்சப்படும் இரத்தம் முதலில் ஈரலுக்குச் சென்ற பிறகே உடலின் மற்ற பகுதிகளுக்குப் போகிறது. சில மருந்துகளை ஈரல் அங்கேயே பெருமளவு சிதைத்துவிடும். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரைகள் அத்தகையவை. அதனால்தான் அவற்றை நாக்கின் அடியில் வைக்கச் சொல்கிறோம். அங்குள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் மருந்தை ஈரலுக்கு அனுப்பாமல் நேரே இதயத்தின் பக்கம் கொண்டு செல்கின்றன. சில நிமிடங்களில் வலி தணியத் தொடங்கும். பதற்றத்தில் ஒரு டம்ளர் தண்ணீருடன் அதை விழுங்கிவிட்டு, மாத்திரை கேட்கவில்லை என்று வருவோர் இன்றும் இருக்கிறார்கள்.

(டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கு, அவருடைய இறுதிக் காலத்தில் மருத்துவர்கள் இதய நோய்க்காகப் பரிந்துரைத்தது அதே நைட்ரோகிளிசரினைத்தான். விதியின் இந்த வேடிக்கையை அவர் 1896-இல் எழுதிய ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.)

அம்மாத்திரையை வைக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். நின்றால் தலைசுற்றி விழ நேரிடும். வாய் உலர்ந்திருந்தால் சிறிது நீரால் நனைத்துக்கொள்ளலாம். 5 நிமிடங்களில் வலி குறையவில்லை என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுத்திருந்தால் கூச்சப்படாமல் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு விழுந்துவிடும்.

"ஊசி போட்டால்தான் கேட்கும்"

எங்கள் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் கேட்கும் வாக்கியம் இது. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், மருத்துவர் சரியாகப் பார்க்கவில்லை என்ற மனக்குறையோடு திரும்புகிறார்கள். வழியில் வேறோர் இடத்தில் ஊசி போட்டுக்கொள்வதும் உண்டு. ஊசி விரைவானது என்பதில் உண்மை இருக்கிறது. மயக்கத்தில் இருப்பவருக்கும், விடாமல் வாந்தி எடுப்பவருக்கும், நச்சுக்காய்ச்சலில் உயிருக்குப் போராடுபவருக்கும் நரம்பு வழி மருந்தே வழி. ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் வாய்வழியே நன்றாக உறிஞ்சப்படும் மருந்து. அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும். அந்தப் பொறுமையின்மைக்கு விலையாகப் பிட்டத்தில் சீழ்க்கட்டியோடும், நரம்பில் ஊசி பட்டுக் கால் மரத்துப் போனதோடும் வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வாயே சிறந்த வழி என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலராவில் உயிரைப் பறிப்பது கிருமி மட்டுமன்று. உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். அந்த நீரை நரம்பு வழியாகத்தான் திருப்பித் தர முடியும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது.

அந்த நம்பிக்கையை அசைத்த களங்களுள் ஒன்று, மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவ். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த அகதிகளிடையே அங்கே காலரா பரவியது. நோயாளிகள் தரையிலேயே கிடந்தார்கள். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கொல்கத்தா மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளந்து பொட்டலங்களாகக் கட்டி, நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. காலரா குடலைச் சீர்குலைத்தாலும், குளுக்கோஸும் உப்பும் கைகோத்து உள்ளே நுழையும் வாயில் மட்டும் மூடுவதில்லை. அவற்றின் பின்னால் நீரும் சேர்ந்து போகிறது. ஓஆர்எஸ் கரைசலின் உள்ளறிவு இவ்வளவுதான். மகலனாபிஸ் 2022 அக்டோபரில், காரைக்கால் காலராவுக்குச் சில மாதங்கள் கழித்து, மறைந்தார்.

இதிலும் வடிவம் கெட்டால் மருந்து கெடும். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, "ஓஆர்எஸ் கொடுத்தும் வலிப்பு வந்துவிட்டது" என்று ஓடி வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறோம். உப்பு அளவுக்கு மீறி ஏறினால் வலிப்பு வரும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரை முதலில் அளந்து வைத்து, பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கரையுங்கள். 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கடையில் அட்டைப் பெட்டிகளில் இனிப்புப் பானமாக விற்றவற்றை இதற்குப் பதிலாகக் கொள்ள வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு உட்படாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடையே விதித்தது. கண் குழிந்து, சிறுநீர் நின்று, மயங்கும் நிலை வந்தால் மட்டும் கரண்டியோடு காத்திருக்காதீர்கள். அது நரம்பு வழிக்குரிய நேரம்.

காலராவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் கேப்சூலை இரவில் ஒரு மிடறு நீரோடு விழுங்கிப் படுத்துவிடுவது இன்னொரு தவறு. அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் நிறைய நீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

சிரப்பு: இனிப்புக்குள் இருப்பது

குழந்தைக்கு மருந்து என்றால் சிரப்புதான். எளிதாகத் தோன்றும் இவ்வடிவத்தில்தான் எங்களுக்கு அச்சம் அதிகம். முதல் காரணம், அளவு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். சிரப்பிலோ 5 மில்லிலிட்டருக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் போதும். சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லிலிட்டர். சிரப்பு என்று எண்ணிச் சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். இது சில வேளைகள் தொடர்ந்தால் ஈரல் தாங்காது. சமையலறைக் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. புட்டியோடு வரும் மூடியோ ஊசியில்லாச் சிரிஞ்சோ மட்டுமே அளவு. பொடியாக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பில் காய்ச்சி ஆறிய நீரைக் குறிக்கோடு வரை ஊற்றி, ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுங்கள். குலுக்காவிட்டால் முதல் நாள் வெறும் நீரும் கடைசி நாள் முழு மருந்துமாகக் குழந்தைக்குப் போய்ச்சேரும்.

இரண்டாம் காரணம் பெற்றோரின் கையில் இல்லை. சிரப்பில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் நீர்மம் ஒன்று உண்டு. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை அதற்குரியவை. இவற்றின் இடத்தில் தொழிற்சாலைகளுக்கான டைஎத்திலீன் கிளைக்கால் கலந்துவிட்டால், அது சிறுநீரகத்தை அழித்துவிடும். 1972-இல் சென்னையில் குழந்தைகள் இதனால் இறந்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பாடம் முடியவில்லை. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற சளி மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். தமிழ்நாடு அரசின் ஆய்வகம் அம்மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைக் கண்டது. பாட்டிலின் வண்ணத்தையோ சுவையையோ வைத்து எந்தத் தாயாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் கடமை தயாரிப்பவருக்கும் கண்காணிப்பவருக்கும் உரியது. அதைத் தாய்மார் தலையில் ஏற்ற மாட்டோம். எங்கள் கையில் இருப்பது ஒன்று: தேவையில்லாத சிரப்பை எழுதாமல் இருப்பது. சிறு குழந்தைகளின் சாதாரணச் சளி தானே போகும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்துவிட்டது. நாங்கள் சிரப்பு எழுதவில்லை என்றால் அது கஞ்சத்தனமன்று. குழந்தை மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கி வாருங்கள்.

ஊசி தவிர்க்க முடியாத ஒன்று

இன்சுலினை ஏன் மாத்திரையாகத் தரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் மீன்துண்டைச் செரிப்பதுபோல் வயிறு அதையும் செரித்துவிடும். ஆகவே தோலுக்கடியில்தான் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து, மருந்து சீராக உறிஞ்சப்படாது. வயிற்றிலும் தொடையிலும் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

இதில் நாங்கள் மிகவும் அஞ்சுவது சிரிஞ்சுக் குழப்பம். நம் நாட்டில் புட்டி இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் வரும் இன்சுலின் 100 அலகு. அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பேனா கெட்டுப்போய், அதன் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 அலகு. இரவில் சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்க அது போதும். பேனாக் குப்பியில் சிரிஞ்சைச் செருகவே வேண்டாம்.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல நாள் மின்சாரம் இல்லாதபோது, இன்சுலினை எங்கே வைப்பது என்ற கேள்வி எங்களுக்கு ஓயாமல் வந்தது. பயன்பாட்டில் உள்ள புட்டியை ஏறத்தாழ நான்கு வாரம் வரை, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வெளியிலேயே வைக்கலாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஒரு மண்பானையில் ஈர மணல் நிரப்பி, அதனுள் சிறு மண்சட்டியில் புட்டியை நீர் புகாத உறையில் இட்டு வையுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் என்றதும் "பழக்கமாகிவிடுமே" என்கிறார்கள். சால்பியூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது 2 மில்லிகிராம் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் இவ்வளவு குறைவாகப் போதுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் குறைகின்றன. கருவியில் இட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலை விழுங்கிவிட்டு வருவோர் ஆண்டுக்குச் சிலர் உண்டு. அவர்களை நாங்கள் சிரிப்பதில்லை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன.

கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதமானால் மீதியைத் தூக்கி எறியுங்கள். ஆசனவாய் மருந்து நம் கடலோர வெயிலில் இளகிவிடும். சிறிது நேரம் குளிர்ந்த நீரில் வைத்துப் பயன்படுத்துங்கள். வலிக்கான தோல் ஒட்டுகளை வெட்டாதீர்கள், அவற்றின்மேல் ஒத்தடமும் வேண்டாம்.

இப்போது எங்கள் வீடு திரும்பும் சீட்டில் பெயர், அளவு, வேளை ஆகியவற்றுக்கு அருகில் இன்னொரு கட்டம் சேர்ந்திருக்கிறது: விழுங்குக, இடிக்கலாம், இடிக்கக் கூடாது, நாக்கின் அடியில், உறிஞ்சுக. கட்டம் நிரப்பப்படாமல் இருந்தால் மருந்தை வாங்காமல் எங்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

சுரக்குடி மூதாட்டி சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். மெதுமாத்திரைக்குப் பதிலாகச் சாதாரண மாத்திரையை இரு வேளையாக மாற்றி எழுதியிருந்தோம், நாடி 72. மஞ்சள் பைக்குள் அட்டைகள் இரண்டு கட்டுகளாக ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. ஒன்றின்மேல் மருமகள் நீல மையில் 'கல்' என்றும், மற்றதன்மேல் 'கல் வேண்டாம்' என்றும் எழுதி வைத்திருந்தார். புதிதாக நாங்கள் எழுதிய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்தக் கட்டு டாக்டர்?" என்று கேட்டார்.